ஃபிளீஸ்ல பாப்பாவுக்கு தைக்கிறீங்களா? நான் சொதப்பினத நீங்களும் சொதப்பாதீங்க

டெல்லியில நவம்பர் பாதி தாண்டிட்டா எங்க மயூர் விஹார் பக்கம் எந்த பால்கனிய பார்த்தாலும் ரஜாய், அதாவது பஞ்சு வச்ச தடி போர்வை, வெயில்ல காயும், எனக்கு அப்பத்தான் தையல் மெஷின் மேல இருக்கிற துணிமூட்டைய இறக்கி வைக்கணும்னு தோணும். தெரிஞ்சவங்க வீட்ல யாருக்காவது குழந்தை பிறந்திருக்கும், இல்ல வளைகாப்பு ஆகியிருக்கும், கடையில வாங்கிக் கொடுக்கறத விட நம்ம கையால ஒண்ணு தைச்சுக் கொடுக்கலாமேன்னு ஆரம்பிக்கிறது. ஃபிளீஸ்னு மெத்துன்னு ரோமம் வச்ச குளிர் துணி இருக்கே, அது அதுக்கு ரொம்ப வசதி, வெட்டின ஓரம் பிசிறாது, ஓவர்லாக் வேண்டாம், தையல் கொஞ்சம் கோணினா கூட அந்த ரோமத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். அந்த தைரியத்துல தான் தப்பு பண்றதே. தைக்கிறவங்க தப்ப மூடி மறைச்சிடுற துணி, போட்டுக்கிற குழந்தைக்கு மட்டும் அந்த தப்பு அப்படியே தெரியும், அதுக்கு வாய் திறந்து சொல்லவும் தெரியாது.

முதல்ல என் மானம் போன கதைய சொல்லிடுறேன். நான் முதல் முதல்ல ஃபிளீஸ்ல தைச்சது தம்பி பொண்ணுக்கு, காது வச்ச கரடி ஜம்ப்சூட், ரெண்டு வாரம் உட்கார்ந்து தைச்சேன். தம்பி இருக்கிறது சென்னை மேடவாக்கத்துல. பார்சல் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி கடைசி. பாவம் அவன் பொண்டாட்டி, அக்கா மனசு நோகக்கூடாதுன்னு ஏசிய பதினெட்டுல வச்சு குழந்தைக்கு போட்டுவிட்டு ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு உடனே கழட்டிட்டா. டெல்லியில ஜனவரி ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கும், வீட்டு மொசைக் தரை ஐஸ் மாதிரி இருக்கும், அந்த ஞாபகத்துலயே நான் தைச்சிருக்கேன். அதனால குழந்தை எந்த ஊர்ல இருக்கு, நீங்க தைக்கிற சைஸ் அதுக்கு எந்த மாசத்துல சரியா இருக்கும், இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க. ஆகஸ்ட்ல பிறந்த குழந்தைக்கு ஃபிளீஸ் தேவைப்படுறது டிசம்பர்ல, அப்ப அதுக்கு நாலு மாசம், நீங்க பிறந்த குழந்தை அளவுல தைச்சா அது பொம்மைக்கு தான் ஆகும்.

அடுத்தது, இத உல்லன்னு நினைச்சுக்கிறது. இங்க பஜார்ல எல்லாரும் குளிர் துணி எல்லாத்தையும் மொத்தமா உல்லன்னு தான் சொல்றாங்க, ஆனா ஃபிளீஸ் முழுக்க பாலியஸ்டர், 1979ல அமெரிக்காவுல மால்டன் மில்ஸ்னு ஒரு ஆலை கண்டுபிடிச்சது, இப்ப பழைய பிளாஸ்டிக் பாட்டில உருக்கி கூட செய்யறாங்க. அதாவது குழந்தைக்கு நாம போடுறது மெத்துன்னு இருக்கிற பிளாஸ்டிக். இது மனசுல இருந்தா பாதி தப்பு நடக்காது. பிளாஸ்டிக் தண்ணி உறிஞ்சாது, அதனால ஃபிளீஸ்ல மட்டும் எச்சில் பிப் தைச்சா ஜொள்ளு கீழ வழிஞ்சு சட்டை தான் நனையும், முன்பக்கம் டர்க்கி டவல் துணியோ பழைய காட்டனோ வச்சு பின்பக்கம் ஃபிளீஸ் வச்சா நல்லா வேலை செய்யும். வேர்வையும் அப்படித்தான், அதனால உடம்போட ஒட்டுறது எப்பவும் காட்டன், அதுக்கு மேல தான் ஃபிளீஸ். அப்புறம் நெருப்பு. கம்பளி பட்டுனு பத்திக்காது, இது உருகி தோல்ல ஒட்டிக்கும். ஜனவரி 13 லோஹ்ரி பண்டிகைக்கு எங்க சொசைட்டில நடுவுல கட்டை போட்டு கொளுத்துவாங்க, எல்லாரும் குழந்தைய தூக்கிட்டு கிட்ட போய் பாப்கார்ன் போடுவாங்க, அந்த நேரத்துல ஃபிளீஸ் போட்ட குழந்தைய நல்லா தள்ளியே வச்சுக்கோங்க. கார்த்திகை விளக்கு, சிவப்பா கம்பி தெரியிற ரூம் ஹீட்டர் எல்லாத்துக்கும் இதே தான்.

துணி வாங்கறதுல நான் நிறைய பணத்த விட்டிருக்கேன். கன்னாட் பிளேஸ் பக்கத்துல சங்கர் மார்க்கெட், இல்லன்னா நேரு பிளேஸ் துணிக்கடைங்க, ரெண்டு இடத்துலயும் போலார்னு கேட்டா ஃபிளீஸ எடுத்து போடுவாங்க. ஒரு கடையில மீட்டர் ரொம்ப மலிவா கிடைச்சுதுன்னு நாலு கலர் வாங்கிட்டு வந்தேன், ரெண்டே துவைப்புல உருண்டை உருண்டையா திரண்டு எலி கடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கடையிலயே துணிய ரெண்டு விரலால ஒரு நிமிஷம் நல்லா தேய்ச்சு பாருங்க, அப்பவே ரோமம் திரள ஆரம்பிச்சா வேண்டாம், உருண்டை திரளாத ரகம், ஆன்டி பில்னு கேட்டு வாங்குங்க. இழுத்துப் பிடிச்சு வெளிச்சத்துல பார்த்தா அடியில இருக்கிற பின்னல் சல்லடை மாதிரி தெரியக்கூடாது. ரொம்ப தடியா இருக்கிறதையும் எடுக்காதீங்க, போர்வைக்கு சரி, ஆனா ஆறு மாச குழந்தையோட கைக்கு அந்த துணியில தைச்சா குழந்தை முழங்கைய மடக்கவே முடியாம பொங்கல் பானை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இந்த துணிக்கு நல்ல பக்கம் கெட்ட பக்கம் இருக்கு, பார்த்தா தெரியாது. குறுக்குவாட்டுல, அதாவது ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை பக்கமா, வெட்டின ஓரத்த பிடிச்சு இழுங்க, ஓரம் எந்தப் பக்கமா சுருளுதோ அது கெட்ட பக்கம். அதே குறுக்குவாட்டுல தான் துணி நீளும் கூட. அந்த நீளுற திசை உடம்ப சுத்தி வரணும். நான் துணிய மிச்சம் பிடிக்கிறேன்னு கை பேட்டர்ன மட்டும் திருப்பி வச்சு வெட்டி, கை நீளவாட்டுல இழுத்தா ஜவ்வு மாதிரி வருது, சுத்தளவுல கொஞ்சம் கூட விட்டுக்கொடுக்கல, குழந்தையோட மொழு மொழு கை உள்ள போகவே இல்ல. இன்னொண்ணு, ரோமத்த தடவிப் பாருங்க, ஒரு பக்கமா தடவினா பூனை முதுகு மாதிரி போகும், எதிர்ப்பக்கமா தடவினா நிமிரும், எல்லா பீஸும் ஒரே பக்கமா படிஞ்சு இருக்கணும், இல்லன்னா ஒரே துணியில வெட்டினது ரெண்டு கலர் மாதிரி தெரியும். மார்க் பண்ண ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம், தேய்ஞ்சு போன சோப்பு வில்லை போதும்.

மெஷின் சமாச்சாரம் சுருக்கமா சொல்றேன். சாதா ஊசியில தையல் விட்டு விட்டு விழும், பனியன் துணிக்கு போடுற பால் பாயிண்ட் ஊசி 14ஆம் நம்பர் போடுங்க, நூல் பாலியஸ்டர், தையல் நீளம் 3, 3.5 மில்லிமீட்டர். சின்ன தையலா போட்டா துணி அலை அலையா நெளியும், நாம துணிய இழுத்துப் பிடிச்சு தைச்சாலும் அதே நெளிவு தான், சும்மா வழிகாட்டினா போதும், அதுவா போகட்டும். ஆரம்பிக்கும்போது நுனியிலயே ரிவர்ஸ் போட்டா மெஷின் துணிய முழுங்கிடும், அரை இன்ச் தள்ளி ஆரம்பிங்க. ஒரு டிரஸ் முடிஞ்சதும் பாபின் பெட்டிய கழட்டிப் பாருங்க, உள்ள ஒரு குட்டி தலகாணிக்கு ஆகுற அளவு பஞ்சு இருக்கும், பிரஷ் வச்சு எடுத்துடுங்க. குண்டூசி குத்தினா ரோமத்துக்குள்ள காணாம போயிடும், குத்தின உடனே எண்ணி வச்சுக்கோங்க, கழட்டும்போது கணக்கு சரியா வரணும். நான் இப்ப குண்டூசியே எடுக்கறதில்ல, மளிகை கவர மூடுற பிளாஸ்டிக் கிளிப் தான்.

அடுத்து கழுத்து, இங்க தான் முக்காவாசி பேர் மாட்டுறாங்க. குழந்தைக்கு உடம்புக்கு தலை பெருசு, பிறந்தப்பவே தலை சுத்தளவு 34, 35 செமீ இருக்கும், ஒரு வயசுல 45, 46 ஆயிடும். நாம சின்னதா அழகா வட்டக் கழுத்து வெட்டி, ஃபிளீஸ் தான் இழுபடுமேன்னு விட்டுடுவோம், ஆனா அதுக்கு மேல பட்டி வச்சு சாதா நேர் தையல் போட்டோம்னா துணி இழுபட்டாலும் நூல் இழுபடாது, ஒண்ணு நூல் அறுந்துக்கும் இல்ல தலை மாட்டிக்கும். மூஞ்சிய மூடினாப்புல துணி ஒரு செகண்ட் நின்னா கூட குழந்தை வீல்னு கத்தும், அதுக்கப்புறம் அந்த சட்டைய பார்த்தாலே அழும். முன்னாடி முழுக்க திறக்கிற மாதிரி தைச்சிடுங்க, இல்லன்னா ஒரு தோள்ல திறப்பு வச்சு டிச் பட்டன், கழுத்துல மட்டும் ஜிக்ஜாக் தையல். டிச் பட்டன வெறும் ஃபிளீஸ்ல அடிச்சா நாலாவது தடவ பட்டனோட துணியும் பிய்ஞ்சு வரும், அதுக்கு உள்பக்கம் ஒரு சின்ன காட்டன் துண்டு கொடுத்து அடிக்கணும். வெல்க்ரோ சுலபமா இருக்கேன்னு போகாதீங்க, அது ஃபிளீஸ் ரோமத்தையே பிடுங்கித் தின்னும், குழந்தை கழுத்தையும் சொறியும்.

அப்புறம் உள்பக்கம். பிசிறாத துணிதானேன்னு நாம உள்ள நூல் நுனிய வெட்டாம விட்டுடுறோம். கை உறை, காலுறை, பாதம் மூடின பைஜாமா இதுல எல்லாம் அது ஆபத்து, தொங்குற நூலோ அம்மாவோட தலைமுடியோ குழந்தையோட விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னு விரல் வீங்கிடும், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, குழந்தை காரணமே இல்லாம அழுதுன்னு நாம வயித்துக்கு ஓம தண்ணி கொடுத்துக்கிட்டிருப்போம். எங்க பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கை உறைய எப்பவும் தையல் வெளிய தெரியிற மாதிரி திருப்பித்தான் மாட்டுவாங்க, எனக்கு முதல்ல சிரிப்பா இருந்துச்சு, அப்புறம் தான் விஷயம் புரிஞ்சுது. இப்ப நான் கை உறைக்கு தையலே வெளிப்பக்கம் தான் வைக்கிறேன், அதையே டிசைன் மாதிரி வேற கலர் நூல்ல போட்டுடுறது. மணிக்கட்டு எலாஸ்டிக்க இறுக்கிடாதீங்க, கழட்டின பிறகு தோல்ல வளையல் மாதிரி தடம் இருந்தா அது டைட்.

தொப்பிக்கும் ஹுட்டுக்கும் கயிறு வேண்டாம். அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பு கமிஷன் 1996லயே குழந்தைங்க உடுப்போட கழுத்துலயும் ஹுட்லயும் சுருக்குக் கயிறு வைக்காதீங்கன்னு வழிகாட்டுதல் போட்டாச்சு, சறுக்குமரத்துலயும் மத்த சாமான்லயும் கயிறு மாட்டி குழந்தைங்க இறந்ததால. இங்க நாம இன்னும் நுனியில உல்லன் பந்து வச்சு ரெண்டு கயிறு தொங்கவிட்டா தான் க்யூட்னு நினைக்கிறோம். அதே க்யூட் பைத்தியம் தான் பொம்மைக்கு மணிக்கண்ணு வைக்கிறதும். கண்ண நூலால எம்பிராய்டரி போட்டாலே போதும், பட்டன் மணி எதுவும் வேண்டாம், எவ்வளவு இறுக்கி தைச்சாலும் பல்லு முளைக்கிற குழந்தை அத கடிச்சு எடுத்துடும். விக்கிற ஐடியா இருந்தா அது வேற கதை, 2021 ஜனவரி 1லேருந்து 14 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க பொம்மைக்கு இங்க ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அத விசாரிச்சுட்டு இறங்குங்க.

போர்வை பத்தி சொன்னா வீட்ல பெரியவங்களுக்கு பிடிக்காது, ஆனா சொல்லித்தான் ஆகணும். அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்துல தளர்வான போர்வை, தலகாணி, பொம்மை எதுவும் கூடாதுன்னு சொல்லுது, மூஞ்சிய மூடிட்டா குழந்தையால தள்ளிவிட முடியாது. நம்ம வீட்ல என்ன நடக்குது, ரூம் ஹீட்டர் ஓடும், உள்ள ஸ்வெட்டர், அதுக்கு மேல நம்ம ஃபிளீஸ், தலையில தொப்பி, அதுக்கு மேல ரஜாய். என் மாமியார் கிட்ட இத சொன்னா, "நாங்கல்லாம் பிள்ளை வளர்க்கலயா"ன்னு ஒரு பார்வை. நான் வாதம் பண்ணல, குழந்தையோட பிடரியில கை வச்சு பாருங்கம்மான்னு மட்டும் சொன்னேன், சொத சொதன்னு வேர்த்திருந்துச்சு, அவங்களே தொப்பிய கழட்டிட்டாங்க. போர்வை கொடுக்கணும்னா தைங்க, ஒரு மீட்டர் எடுத்தா தாராளம், ஆனா முழிச்சிருக்கும்போது தரையில விரிச்சு குப்புற போட, மடியில வச்சுக்கன்னு சொல்லிக் கொடுங்க. ஓரத்த பட்டையா வெட்டி முடிச்சு போடுற தையலில்லா போர்வை இருக்கே, அது பெரிய பசங்களுக்கு ஓகே, கைக்குழந்தை அந்த முடிச்ச எல்லாம் சப்பும், விரல விட்டு மாட்டிக்கும். தூங்குறதுக்குன்னே தைக்கணும்னா கை இல்லாத தூக்கப்பை தைங்க, கழுத்தும் கை துவாரமும் உடம்போட நிக்கணும், குழந்தை உள்ள நழுவக்கூடாது, கீழ்ப்பக்கம் நல்லா அகலமா விடுங்க, தவளை மாதிரி கால மடக்கி விரிக்க இடம் வேணும், இடுப்பு மூட்டுக்கு அது முக்கியம். ஹீட்டர் போடுற ரூம்னா அதையும் காட்டன்லயே தைச்சிடுங்க.

கடைசியா இஸ்திரி. பாலியஸ்டர் உருகுறது 250, 260 டிகிரி பக்கம், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ரோமம் படுத்துப் போய் பளபளன்னு ஆயிடும், திரும்ப எழுந்திருக்காது. தையல படிய வைக்க விரலால நீவி மேல ஒரு டாப் ஸ்டிட்ச் அடிச்சா போதும். எனக்கு இது தெரியும், நான் தைச்சுக் கொடுத்த வீட்ல தெரியணுமே. கீழ் ஃபிளாட்ல ஒரு குழந்தைக்கு மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தேன், அவங்க துவைச்சு மத்த துணியோட மூட்டை கட்டி மரத்தடியில கரிப்பெட்டி வச்சிருக்கிற இஸ்திரிக்காரர் கிட்ட போட்டுட்டாங்க, முதுகுல தோசைக்கல் மாதிரி ஒரு தடத்தோட திரும்பி வந்துச்சு. அவர் மேல தப்பே இல்ல, அவருக்கு யார் சொன்னா. இப்ப எது கொடுத்தாலும் ஒரு சீட்டு வைக்கிறேன், இஸ்திரி வேண்டாம், ஆறின தண்ணியில துவைக்கணும், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்த வேண்டாம், நெருப்பு கிட்ட வேண்டாம்னு ஹிந்தியில ஒரு தடவ, தமிழ்ல ஒரு தடவ. அந்த சீட்ட ஊக்கு போட்டு டிரஸ்ல குத்தாதீங்க. நான் குத்தித்தான் ஒரு தடவ எடுத்துட்டுப் போனேன், குழந்தைய மடியில வச்சுக்கிட்டு அந்த பொண்ணு கவர பிரிக்கும்போது தான் உறைச்சுது, ஒரு நிமிஷம் கொடும்மான்னு வாங்கி, அவங்க ஹால்லயே நின்னு கழட்டி, ஊக்க என் பர்ஸ்ல போட்டுட்டு திரும்ப கொடுத்தேன்.