கணக்கு நோட்டைப் பூஜையில் வைக்கும் முன்

லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே வீட்டில் தங்க மாட்டார்கள் என்பார் என் மாமியார். பெருமாளின் மனைவி லட்சுமி. அவருடைய தொப்புள் தாமரையில் பிறந்த பிரம்மாவின் மனைவி சரஸ்வதி. மாமியாரும் மருமகளும் ஆயிற்றே! மயிலாப்பூரில் மளிகைக் கடை நடத்தும் எனக்கு இது ஒப்பவில்லை. பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலில் தனலட்சுமியும் இருக்கிறாள், வித்யாலட்சுமியும் இருக்கிறாள். சரஸ்வதி பூஜையில் லட்சுமியையும் சரஸ்வதியையும் சேர்த்தே உட்காரவைக்கலாம்.

வேலையை அஷ்டமி சாயங்காலமே தொடங்குங்கள். முதலில் தராசு. துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால் மட்டும் போதாது. முத்திரை போட்ட 1 கிலோ படிக்கல்லை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு எங்கள் எலக்ட்ரானிக் தராசு 1,012 கிராம் காட்டியது. அப்படியானால் கிலோவுக்குப் பன்னிரண்டு கிராம் துவரம் பருப்பு குறைவாகப் போயிருக்கிறது, எத்தனை நாளாக என்றே தெரியாமல். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தராசைச் சரிசெய்து முத்திரை போட்டு வாங்கும்வரை பழைய தராசில்தான் நிறுத்தோம். வாடிக்கைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு மாதம் ஆளுக்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டோம்.

அப்புறம் கடன் நோட்டு. பால்காரர், பூக்காரம்மா, மூட்டை இறக்குபவர் என்று நாம் தர வேண்டியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நமக்கு வர வேண்டியதில், நிஜமாகவே தர முடியாதவர் யார் என்று யோசித்து அந்தப் பக்கத்தில் கோடு போடுங்கள். பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி வரை நோட்டைத் தொடக் கூடாது.

மணைப்பலகையில் கோலம் போட்டு, கணக்கு நோட்டை அடியிலும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை மேலேயும் அடுக்குவேன். பணம் புத்தகத்தைத் தாங்கட்டும் என்பது என் ஆசை. எது படிக்கக் கஷ்டமோ அந்தப் புத்தகம் உச்சியில். எங்கள் வீட்டில் அது எப்போதும் பையனின் கணக்குப் புத்தகம். பக்கத்திலேயே தராசும் படிக்கல்லும். சரஸ்வதிக்கு மல்லிகை, லட்சுமிக்குச் செந்தாமரை. சுண்டல், பொரி, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வழக்கம்போல. கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தால் தயவுசெய்து உடனே அள்ளி ஓரமாகப் போடுங்கள், பைக்கில் வருபவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

விஜயதசமி காலையில் அடுக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, முதலில் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் கடை. புது நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரவை என் பெண் எழுதுவாள். அரிசியைப் படியால் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவது எங்கள் பழக்கம். அவள் எழுதி முடிப்பதற்குள் நான் படிக்கல்லை எடுத்து இன்னொரு தடவை தராசில் வைத்துப் பார்த்துவிடுவேன்.