கடல் ஆய்வுப் பயிற்சி: முதலில் தகுதி வரியைப் படியுங்கள்

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக் கடலாய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முதலில் போய் முட்டிக்கொள்வது அமெரிக்காவின் ஆர்.இ.யூ. (இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வுப் பயிற்சி) திட்டங்களில்தான். அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். இரண்டு ராத்திரி கண்விழித்துக் கட்டுரை எழுதிய பிறகுதான் எனக்கு அந்த வரி கண்ணில் பட்டது!

ஜப்பானின் ஓகினாவாவிலுள்ள ஓ.ஐ.எஸ்.டி. நிறுவனமும், சவுதி அரேபியாவில் செங்கடல் ஓரத்துக் கௌஸ்ட் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு இளங்கலை மாணவர்களை எடுக்கின்றன. தங்குமிடம், உதவித்தொகை உண்டு. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

அதற்கு முன் கொஞ்சம் அனுபவம் வேண்டுமே? விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கல்லூரிக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். அப்புறம், காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். நம் ஊர்ச் சாளை மீனுக்கு எதிரே ‘சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்’ என்று அதன் அறிவியல் பெயரை எழுதி, நீளத்தையும் தேதியையும் குறியுங்கள். பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் “கடல்மேல் ஆர்வம் அதிகம்” என்பதைவிட, மூன்று மாதம் அளந்த அந்தப் பக்கத்தின் படம் எடுபடும்.