சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிக்கான் ட்யூபைக் கீழே வையுங்கள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு காட்சி தவறாது. காரின் நாலு கதவையும் திறந்துபோட்டு, கால்மிதி மேட்டையெல்லாம் சுவரில் சாய்த்துவைத்து, வீட்டு டேபிள் ஃபேனை சீட்டுக்கு அடியில் ஓடவிட்டு ஒருவர் நிற்பார். "சன்ரூஃப் ரப்பர் போயிடுச்சு சார்" என்பார். பெரும்பாலும் ரப்பருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கார் கூரையில் திறந்து மூடும் கண்ணாடிதான் சன்ரூஃப். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஒரு சொட்டுகூட உள்ளே விடாமல் அடைப்பதற்காக வைத்ததல்ல. மழையில் கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி இறங்கும் என்று எதிர்பார்த்துத்தான் சன்ரூஃபையே வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓட்டு வீட்டில் இரண்டு கூரை சேருமிடத்தில் கூடல்வாய்த் தகரம் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பள்ளத்தின் மூலைகளில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். பெரும்பாலான கார்களில் நான்கு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய ட்யூப் இறங்கும். முன்பக்க ட்யூப் இரண்டும் முன்கண்ணாடியை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூணான பில்லருக்குள் இறங்கி, முன்கதவு கீல் பக்கமோ முன்சக்கரத்துக்குப் பின்னாலோ தண்ணீரைக் கொட்டும். பின்பக்க ட்யூப்கள் பின் பில்லர் வழியாகப் போய் பம்பருக்கு உள்பக்கம் முடியும். தண்ணீர் உள்ளே வருவது கோளாறு அல்ல. வந்தது வெளியே போகாமல் நிற்பதுதான் கோளாறு.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்கிற முதல் தவறு, கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசுவது. அடுத்த முறை கண்ணாடியைத் திறக்கும்போது சிலிக்கான் ரப்பரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த துணுக்குகள் எங்கே விழும்? அதே பள்ளத்தில், அதே துளையில். "நான் சன்ரூஃபைத் திறக்கவே மாட்டேன், நிரந்தரமாக அடைத்துவிடுங்கள்" என்று சொல்லி எம்-சீல் வரைக்கும் போனவரையும் பார்த்திருக்கிறேன். கூடுதலாக லட்ச ரூபாய் கொடுத்து மேல் மாடலை வாங்கியவர் அவர்.

ரப்பருக்கு கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவச் சொல்லும் வைத்தியமும் உண்டு. பெட்ரோலியம் கலந்த எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் உப்பி, நாளடைவில் வடிவம் இழக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் போதும்.

ஆனால் குற்றவாளி சன்ரூஃப்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கால் வைக்கும் இடம் நனைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. மழையே இல்லாத நாளிலும் ஏசி போட்டு ஓட்டியபின் முன்பக்கம் ஈரமானால், அது ஏசியின் வடிகால் ட்யூப் அடைப்பு. ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. அது வேறு வைத்தியம். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சருகு சேர்ந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். சன்ரூஃபுக்கென்று தனி அடையாளங்கள் இருக்கின்றன. கூரையின் உள்பக்கத் துணியான ரூஃப் லைனிங்கின் மூலையில் காபி சிந்தியதுபோல ஒரு கறை. பில்லர் ஓரம் ஈரம். பிரேக் அடிக்கும்போது மேலே விளக்கு இருக்கும் இடத்திலிருந்து மடியில் சொட்டுவது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் முன்னால் சரிந்து வழிகிறது என்று அர்த்தம். இன்னொன்று, வண்டி சரிவில் நிற்கும்போது மட்டும் ஒழுகுவது. மூக்கு மேலே தூக்கி நின்றால் தண்ணீர் பின்மூலைக்குப் போகும், பின் ட்யூப் அடைத்திருந்தால் டிக்கி நனையும். சமதளத்தில் நிறுத்திப் பார்த்த மெக்கானிக் "ஒண்ணுமில்ல சார்" என்று அனுப்பிவிடுவார்.

சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கண்ணாடியைத் திறந்து, ஒரு மூலைத் துளையருகே மெதுவாக ஊற்றுங்கள். சுழித்துக்கொண்டு இறங்கி, சில நொடிகளில் வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் சொட்ட வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் பாதி அடைப்பு. அப்படியே நின்றால் முழு அடைப்பு. மேற்கொண்டு ஊற்றாதீர்கள், உள்ளேதான் வழியும். பலர் கைக்கு எட்டும் முன்மூலை இரண்டையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பின்மூலைத் துளைகள் சில மாடல்களில் கண்ணாடி திறந்திருந்தாலும் கண்ணில் படாது. மேற்கூரையின் பின்பகுதியில் தண்ணீர் விட்டு, பின் பம்பருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அடைப்பை எடுப்பதில்தான் அதிக சேதம் நடக்கிறது

பஞ்சர் கடையில் நிறுத்தி, "அண்ணே, இதுல கொஞ்சம் ஏர் அடிங்க" என்பது ரொம்ப சுலபம். அந்த கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும். சன்ரூஃப் ட்யூபோ பல வண்டிகளில் ஒரு பிளாஸ்டிக் மூக்கில் வெறுமனே செருகியிருக்கும், கிளிப்கூட இருக்காது. முழு வேகத்தில் காற்று அடித்தால் அடைப்பு போவதற்கு முன் ட்யூப் மூக்கிலிருந்து கழன்றுவிடும். கொடுமை என்னவென்றால், அதற்குப் பிறகு மேலே ஊற்றும் தண்ணீர் ஜோராக இறங்கும். சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவீர்கள். அடுத்த மழையில் அத்தனை தண்ணீரும் ரூஃப் லைனிங்குக்குள். கழன்ற ட்யூபை மாட்ட லைனிங்கையே இறக்க வேண்டும். பாதி நாள் கதையாக இருந்தது பெரிய வேலையாகிவிடும்.

கம்பியும் அப்படித்தான். துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி உள்ளே விட்டால், வளைவில் ட்யூபைக் குத்திக் கிழித்துவிடும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு, 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நுனியை லைட்டரில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிவிட்டால் கிழிக்காது. அதையும் தள்ளு தள்ளு என்று தள்ளக் கூடாது. சுழற்றிச் சுழற்றி விட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பல கார்களில் ட்யூபின் கீழ்முனையில் வாத்து மூக்குபோல ஒரு ரப்பர் இருக்கும். பூச்சியும் புழுதியும் மேலே ஏறாமல் இருக்க வைத்தது. சேறு முதலில் கெட்டிப்படுவது அங்கேதான். அதை விட்டுவிட்டு மேலிருந்து நரம்பால் குத்தினால், ட்யூபில் இருக்கும் குப்பையெல்லாம் அந்த மூக்கில் போய் இறுகும். ஆகவே முதலில் கீழே போய் அந்த ரப்பரை விரலால் பிதுக்கிச் சுத்தம் செய்யுங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் தண்ணீரையும் உறிஞ்சும் வாக்யூம் இருந்தால் மேல் துளையில் வைத்து உறிஞ்சுங்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவது ட்யூபுக்குப் பாதுகாப்பு.

கொதிக்கும் தண்ணீர், பாத்ரூம் ஆசிட், சிங்க் அடைப்புக்குப் போடும் பவுடர், இவை எதுவும் வேண்டாம்.

பில்லர் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோதும்போது பக்க ஜன்னல்களை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரை ஓரமாகவே ஓடும். பில்லர் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருக்கும். அங்கே நெம்புவது யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. இதை மட்டும் வொர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

அடைப்பு போனது, ஈரம் போனதா?

மேலே கார்பெட் காய்ந்துவிட்டது என்று மேட்டைத் திரும்பப் போட்டுவிடுகிறோம். கார்பெட்டுக்குக் கீழே தடிமனான ஃபோம் இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் குடித்துவைத்திருக்கும். முட்டியை ஊன்றி அழுத்திப் பாருங்கள், கசிந்து வரும். அதன்மேல் பர்ஃப்யூம் மாட்டி, ஏசி ஃபில்டரை மாற்றி, "இன்னும் நாத்தம் போகலையே" என்று ஏசி சர்வீஸுக்கும் பணம் கட்டியவர்கள் உண்டு. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபோமுக்கு அடியில் காற்று போகும்படி ஓரிரு நாள் விட வேண்டும். சோம்பல்பட்டால், முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர் கனெக்டர்களில் பச்சை பூக்கும். மழை விட்டு சில வாரம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும். அப்போது இந்த மழையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்ஷூரன்ஸில் கேட்கலாம் என்றால், தேய்மானத்தையும் மின்கோளாறையும் நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் பொதுவாக விலக்கிவைத்திருக்கின்றன.

மரநிழல் விஷயத்தில் நான் கண்டிப்பானவன் அல்ல. மே மாத வெயிலில் நிழலை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் எந்த மரம் என்று பாருங்கள். மாவிலையும் பலாவிலையும் கண்ணாடிமேலேயே கிடக்கும், தட்டிவிடலாம். புளி, தூங்குமூஞ்சி, குல்மோகர் இவற்றின் இலை பொடி. ரப்பர் இடுக்கில் நேராக இறங்கும். சித்திரையில் வேப்பம்பூ பச்சடிக்குப் போக மிச்சமெல்லாம் சன்ரூஃப் பள்ளத்துக்குத்தான். இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துபவர்கள் மாதம் ஒருமுறை பள்ளத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் பையனிடம், பைப்பை ரப்பர் விளிம்புக்கு நேராகக் காட்டாதே என்றும் சொல்லிவிடுங்கள்.

முழுச் சோதனையைப் புரட்டாசியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி அடைமழையில் வொர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்காது. சர்வீஸுக்கு விட்டால் ஜாப் கார்டில் "சன்ரூஃப் செக்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். கண்ணாடி திறந்து மூடுகிறதா என்று பார்த்து டிக் போட்டுவிடுவார்கள். "நாலு ட்யூபிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டவும்" என்று எழுதச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது அடியில் நாலு இடத்திலும் தரை நனைந்திருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு பில்லுக்குப் பணம் கட்டுங்கள்.