பல்லும் பாலும்: முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு வாரத்தை ஓட்டுவது எப்படி

ஐந்து நாளுக்கு ஐந்து புது விளையாட்டு என்று திட்டம் போட்டால், வாரம் முழுக்க விதிமுறை சொல்வதிலேயே கரைந்துவிடும். பாடவேளை 30 நிமிடம். அதில் விளையாட்டை விளக்க 10, குழு பிரிக்க 5, பென்சில் காணோம் என்ற வழக்கைத் தீர்க்க 3. மிஞ்சுவது 12 நிமிடம். அதையும் இருபது பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே விளையாட்டு மாறக் கூடாது, சொற்கள்தாம் மாற வேண்டும். ஆண்டின் முதல் மாதத்தில் மூன்றே மூன்று விளையாட்டுகளைப் பழக்கிவிடுங்கள். அதன் பிறகு அட்டையை மாற்றினால் போதும், மாணவர்களே ஆடத் தொடங்குவார்கள். வாரத்திற்குக் கவனம் ஒன்றுதான்: ஓர் எழுத்துக் குறி, எட்டுச் சொல். கீழே இருப்பது மலேசியாவின் பினாங்கில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபது பேர் கொண்ட வகுப்புக்கான மாதிரி வாரம். அகர வரிசை முடிந்து ஆகார வரிசை தொடங்கும் வாரமாக எடுத்துக்கொள்வோம்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

பல்–பால், கல்–கால், படம்–பாடம், நகம்–நாகம். நான்கு இணை, எட்டுச் சொல். ஒவ்வோர் இணையிலும் துணைக்கால் (ா) ஒன்றுதான் வேறுபாடு. தடி–தாடியும் பட்டு–பாட்டும் கைக்கு எளிதில் வரும் இணைகள்தாம். ஆனால் 'டி'யும் 'டு'வும் இன்னும் படிக்காத எழுத்துகள். அவற்றைச் சேர்த்தால் பிள்ளை சொல்லை முழுப் படமாக மனப்பாடம் செய்யும், எழுத்துக்கூட்டாது. மலை–மாலையும் அப்படித்தான், ஐகாரம் வரும்வரை காத்திருக்கட்டும்.

பத்துச் சொல், பன்னிரண்டு சொல் என்று ஏற்றாதீர்கள். இவர்கள் இதே வாரத்தில் மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். அங்கே ஒரே ரூமி (ரோமன்) எழுத்து இரண்டு விதமாக ஒலித்து அவர்களை ஏற்கெனவே குழப்பிக்கொண்டிருக்கும்.

பொருள்கள்

ஏ4 அளவு மணிலா அட்டையை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் வரும். ஒரு தாளுக்கு எட்டுச் சொல் சரியாகப் பொருந்தும். மூன்று தாள் வெட்டி மூன்று தொகுப்பு செய்துகொள்ளுங்கள். எழுத்தெல்லாம் கறுப்பு, துணைக்கால் மட்டும் சிவப்பு. புதன்கிழமையோடு சிவப்பு போய்விட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே விடை சொல்லும். அதனால் மூன்றாவது தொகுப்பை முழுக்கக் கறுப்பிலேயே எழுதுங்கள்.

அட்டைக்கு லேமினேட் வேண்டாம். சன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் பின்வரிசைக்கு எழுத்து தெரியாது. காற்றாடி முழு வேகத்தில் சுழலும் வகுப்பில் மெல்லிய தாள் பறந்துவிடும். மணிலா அட்டை ஓரளவு தாங்கும், அதற்கு மேல் குழுவுக்கு நான்கு துணிக்கவ்வி கொடுங்கள். அட்டையின் முனைகளைக் கொஞ்சம் வளைத்து வெட்டிவிடுங்கள்.

மணல் தட்டுக்கு உப்பு வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் சில நாளிலேயே கட்டி தட்டிவிடும். ரவை போட்டால் எறும்பு வரும். சலித்துக் கழுவிக் காயவைத்த மணல்தான் சரி, ஒரு செ.மீ. ஆழம் போதும். ஆழம் கூடினால் விரல் போட்ட கோடு மணலால் மூடிக்கொள்ளும். இவற்றோடு வெட்டு விளிம்பில் நாடா ஒட்டிய இரண்டு மைலோ டின், ஆளுக்கொரு சிறு வெண்பலகை. துடைக்கப் பழைய காலுறை போதும்.

திங்கள்: காது மட்டும்

திங்களன்று சபைகூடல் எப்படியும் முதல் பாடவேளையைக் கடித்துக்கொள்ளும். அதனால் எழுத்து வேண்டாம், அட்டையைக் காட்டவும் வேண்டாம். நீங்கள் சொல்லச் சொல்ல, குறில் கேட்டால் முழங்காலில் ஒரு தட்டு. நெடில் கேட்டால் கையைத் தோளிலிருந்து நீட்டி இழுக்க வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம் அப்படியே உடம்பில் ஏறும்.

இங்கே ஆசிரியர்கள் செய்யும் பிழை இரண்டு. 'பால்' என்பதை நீட்டுவதற்குப் பதில் உரக்கச் சொல்கிறோம். பிள்ளை 'சத்தமாகச் சொன்னால் நெடில்' என்று முடிவு செய்துவிடும். இரண்டையும் ஒரே சத்தத்தில் சொல்லுங்கள். வாயை ஒரு புத்தகத்தால் மறைத்துக்கொள்ளுங்கள், உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் நிற்கும். அடுத்தது, கடைசி மெய்க்கும் தட்டச் சொல்வது. மெய்க்கு அரை மாத்திரைதான். 'ல்'-க்கும் ஒரு தட்டு கொடுத்தால் அது 'ல' என்று ஒலிக்க ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை எழுதும்போது புள்ளி காணாமல் போவது இங்கேதான் தொடங்குகிறது.

பத்து நிமிடம் இதைச் செய்த பிறகு படங்களைக் காட்டிப் பொருளைச் சொல்லுங்கள். நாகம் என்றால் பாம்பு என்று தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். பொருள் தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தாலும், சரியா தவறா என்று பிள்ளையால் தானே தீர்மானிக்க முடியாது.

செவ்வாய்: காலா, ரகரமா

இந்த வாரத்தின் முள் இந்த நாளில்தான் இருக்கிறது. துணைக்காலும் 'ர'வும் பிள்ளை கண்ணுக்கு ஒன்றுதான். 'கால்' என்பதைக் 'கரல்' என்று வாசிப்பார்கள். அது கவனக்குறைவு இல்லை, உருவம் அத்தனை நெருக்கம். 'ர'வுக்குக் கீழே சாய்ந்த வால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை. இதை வாயால் சொன்னால் போதாது. வெண்பலகையில் 'ர' எழுதி வாலை மட்டும் பிள்ளைகளே துடைக்கட்டும். துடைத்ததும் 'க'வோடு சேர்த்து வாசிக்கட்டும். மறுபடி வாலைப் போடட்டும். ஐந்து முறை.

பிறகு மணலில் விரலால், அதன் பிறகே கட்டமிட்ட பயிற்சிப் புத்தகத்தில். புத்தகத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 'க'வும் அதன் காலும் ஒரே கட்டத்துக்குள், 'ர'வுக்குத் தனிக் கட்டம். காலுக்குத் தனிக் கட்டம் கொடுத்தால் அது உயிர்மெய்யை விட்டு விலகி நின்று ரகரமாகவே தெரியும். கட்டம் சிறியதாக இருந்தால் பெரிய கட்டப் புத்தகம் வாங்குங்கள், விதியை மாற்றாதீர்கள். ஒரு சொல்லுக்கு மூன்று தடவை எழுதினால் போதும். ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொன்னால் ஐந்தாவது வரியிலிருந்து பிள்ளை தன் பிழையையே பார்த்து எழுதும்.

புதன்: நான்கு சுற்று

இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் இதை வையுங்கள். ஐவர் வீதம் நான்கு குழு. சுற்றுக்கு 10 நிமிடம். மாறுவதற்கு இரண்டிரண்டு நிமிடமாக மூன்று முறை. தொடக்கத்துக்கு 5, அடுக்கி வைக்க 5. மொத்தம் 56 நிமிடம். மீதி நான்கு நிமிடம் கழிவறைக்குப் போய்விடும்.

முதல் சுற்று ஆசிரியரோடு வாசிப்பு. இரண்டாவது மணல் தட்டு. மூன்றாவது அஞ்சல்காரர்: கலந்து கிடக்கும் அட்டைகளை வாசித்துக் குறில் டின்னிலும் நெடில் டின்னிலும் போட வேண்டும். நான்காவது இணை தேடு: எட்டு அட்டைகளைக் கவிழ்த்துவைத்து, பல்லுக்குப் பாலைக் கண்டுபிடிப்பது. எடுத்த அட்டையை உரக்க வாசித்தால்தான் அது சொந்தம் என்ற விதி கட்டாயம். வாசிக்காமல் எடுக்க விட்டால் அது நினைவாற்றல் விளையாட்டு, தமிழ்ப் பாடம் இல்லை. அட்டை எண்ணிக்கையைப் பதினாறாக்கினால் ஐந்து பேரால் பத்து நிமிடத்தில் முடிக்க முடியாது, பாதியில் மணியடித்து அழுகையில் முடியும்.

ஆசிரியர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற மூன்றும் தாமாக ஓட வேண்டும். அதனால் அந்த மூன்றிலும் புதிதாக ஒன்றுமே இருக்கக் கூடாது. "டீச்சர், இது எப்படி?" என்று யாராவது எழுந்து வந்தால், அந்தச் சுற்று இன்னும் பழகவில்லை என்று பொருள். ஆண்டின் முதல் சில வாரங்களில் இரண்டு சுற்று மட்டும் வையுங்கள். குழுவைத் திறன்படி பிரிக்காமல் கலந்து பிரியுங்கள். ஆசிரியரோடு வாசிக்கும் சுற்றில் மட்டும் தடுமாறும் இருவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

வியாழன்: எண்ணும் காசும்

கணிதம் தன் போக்கில் வாரம் முழுக்க ஓடும், ஆனால் கை வேலைக்கு வியாழன் நல்ல நாள். 100 ஐஸ்கிரீம் குச்சி வாங்குங்கள். 9 கட்டு, கட்டுக்குப் பத்து, ரப்பர் வளையம் போட்டு. மீதிப் பத்து தளர்வாக. சாத்தே இறைச்சி கோக்கும் குச்சி மலிவுதான், முனை கூர்மை, வேண்டாம்.

பதினேழு எழுதச் சொன்னால் சிலர் 71 என்று எழுதுவார்கள். தமிழில் பத்து முன்னால் வருகிறது: பத்து, ஏழு, பதினேழு. எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்தில் 'செவன்டீன்', மலாயில் 'துஜோ பெலாஸ்', இரண்டிலும் ஏழுதான் முதலில் கேட்கிறது. பாலர் பள்ளியில் அந்த மொழிகளில் எண்ணிப் பழகிய பிள்ளை கேட்ட வரிசையிலேயே எழுதுகிறது. ஆக, ஒரு கட்டை இடக்கையில் பிடித்துப் 'பத்து' என்று சொல்லி 1 எழுதவும், பிறகு வலக்கையில் ஏழு குச்சியைப் பிடித்து 7 எழுதவும் பழக்குங்கள். குச்சி இல்லாமல் வெறுமனே திருத்தினால் மறுவாரம் 71 திரும்ப வரும்.

தமிழுக்கும் ஒரு பள்ளம் உண்டு. இருபது, முப்பது, எண்பது வரை எண்ணின் பெயர் உள்ளேயே தெரிகிறது. தொண்ணூறில் ஒன்பது தெரிவதில்லை, நூறு போல ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பலர் நூறுக்குத் தாவுவது அதனால்தான். ஒன்பது கட்டையும் அடுக்கிவைத்து, 'இதன் பெயர் தொண்ணூறு' என்று தனியாகவே அறிமுகம் செய்யுங்கள்.

காசுக்கு விளையாட்டு நாணயம் வேண்டாம், உண்மையானதே வேண்டும். 50 சென்னும் 20 சென்னும் மஞ்சள், 50 சற்றுப் பெரிது. 10-உம் 5-உம் வெள்ளி நிறம். குழுவுக்கு 50 சென் இரண்டு, 20 சென் ஐந்து, 10 சென் பத்து. மொத்தம் மூன்று ரிங்கிட். ஒரு ரிங்கிட்டை எத்தனை வழியில் அடுக்கலாம் என்பதே வேலை. ஐந்து 10 சென், ஒரு 50 சென்னைவிட அதிகம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்; எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு. 10 சென் காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பத்து, இருபது என்று எண்ணவைத்து, அதற்கு நேராக 50 சென்னை வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் வெள்ளி, காசு என்பார்கள். பாடநூல் ரிங்கிட், சென் என்கிறது. இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். கண்டீனில் கேட்கப்போவது முதல் வகைதான். முடிவில் எண்ணி வாங்கி உறையில் போடுங்கள். வாயில் போடும் பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

வெள்ளி: ஆறு சொல்

சொல்வதெழுதுதலுக்கு ஆறு சொல் போதும். நான்கு இந்த வாரத்தவை, ஒன்று போன வாரத்துடையது, ஒன்று பிள்ளை வகுப்பில் இதுவரை பார்க்காதது. அந்த ஆறாவது சொல்தான் வாரத்தின் தீர்ப்பு. இந்த வாரத்துக்குப் 'பாலம்' பொருத்தம். எல்லா எழுத்தும் படித்தவை. பினாங்குப் பாலத்தை அறிந்த பிள்ளைக்குப் பொருளை விளக்கவும் வேண்டாம். 'காகம்' ஆகாது, பாலர் பள்ளிச் சுவரிலேயே அது தொங்குகிறது. ஐந்தும் சரியாக எழுதிப் பாலத்தில் வழுக்கினால் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. 'பலம்' என்று எழுதினால் காது தவறியது, திங்கள் வேலை மீண்டும் வேண்டும். 'பரலம்' என்றால் கண் தவறியது, செவ்வாய் வேலை வேண்டும். 'பாலம' என்றால் புள்ளி. அதற்குத் தட்டும் பழக்கத்தைப் பாருங்கள்.

பெயர்ப் பட்டியலில் சொல்லுக்கு மதிப்பெண் போடாமல் இந்த மூன்று வகையில் எது என்று ஓர் எழுத்தால் குறியுங்கள்: காதுக்குக் கா, கண்ணுக்குக் க, புள்ளிக்குப் பு. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை எழுதும்போது இதுவே ஆதாரம். ஏழு பேருக்கு மேல் ஒரே குறி விழுந்தால் அடுத்த திங்கள் எல்லாருக்கும் மீள்கற்பித்தல். மூன்று நான்கு பேர் என்றால் குறைநீக்கலுக்கு அவர்கள் மட்டும் 10 நிமிடம் உட்காரட்டும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சொற்பட்டியலைப் படம் பிடித்துப் போடுவது வழக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு அந்தப் படத்தால் பயனில்லை. எட்டுச் சொல்லையும் நிதானமாகச் சொல்லி 30 வினாடிக் குரல்பதிவாக அனுப்புங்கள். வீட்டில் எழுதவைக்க வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் "பல்லா, பாலா?" என்று கேட்டுத் தட்டவைத்தால் போதும் என்றும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கு நாள் வாரம் வந்தால்

தைப்பூசம், ஜூலை 7 ஜார்ஜ்டவுன் மரபுடைமை நாள் என்று பினாங்கில் விடுமுறை வாரநாளில் விழுந்துகொண்டேயிருக்கும். அப்போது வெட்ட வேண்டியது புதன் சுற்று. திங்கள் வேலையையும் வெள்ளிச் சொற்களையும் தொடாதீர்கள். திங்களே விடுமுறை என்றால் காது வேலையைச் செவ்வாய்க்கு நகர்த்தி, எழுத்தைப் புதனில் தொடங்குங்கள். மூன்று நாள் வாரமானால் புதிய குறி எதையும் தொடங்காமல் பழைய அட்டைகளையே எடுத்து விளையாடவிடுங்கள்.