தடாமி ரயிலில் பனிக்காலத்தில் போகிறீர்களா?

ஜப்பானின் புகுஷிமா மாநிலத்தில், தடாமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கனேயாமா மாதிரி ஊர்களுக்குப் பனிக்காலத்தில் போவதாக இருந்தால், முதலில் ரயில் நேரத்தைப் பாருங்கள், அதற்கப்புறம் மற்றதைத் திட்டமிடுங்கள். 2011 வெள்ளத்தில் இந்தத் தடாமி ரயில்பாதையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டு, 2022 அக்டோபர் 1-ல்தான் முழுப்பாதையும் மறுபடி திறந்தது. கனேயாமாவில் இருக்கும் ஐசு-கவகுச்சி நிலையத்தைத் தாண்டி தடாமி பக்கம் போக ஒரு நாளைக்கு மூன்று ரயில்தான், ஒன்றை விட்டால் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், பெரும் பனி விழுந்தால் அதுவும் ஓடாது. அதனால் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐசு-கவகுச்சி நிலையம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. நடைமேடையில் நின்றாலே தண்ணீர் தெரியும், அவசரப்படாமல் பாருங்கள்.

கனேயாமாவில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள், கடைகள் குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யென் நோட்டோடு 100 யென் காசும் நிறைய வேண்டும், சில ஊர்ப் பொது வெந்நீர் ஊற்றுகளில் ஆள் இருக்க மாட்டார்கள், கட்டணத்தை நாமே பெட்டியில் போட வேண்டும். மறக்காமல் போடுங்கள், ஊர்க்காரர்கள் தாங்களே பராமரிக்கிற இடம் அது.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம்: கூரை ஓரமாக நடக்காதீர்கள். தகரக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும், வெயில் அடிக்கிற நாளில்தான் அதிகம். படம் எடுக்கிற ஆசையில் பனி மூடிய வயலுக்குள்ளும் இறங்க வேண்டாம், அடியில் வாய்க்கால் இருந்தாலும் மேலே தெரியாது.