கணப்பு மேல் இருந்த கடிகாரம்: துடைப்பதற்கு முன் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு அக்கா, பழைய போர்வையில் சுற்றி ஒரு மரக் கடிகாரத்தைக் குன்னூருக்கு என்னிடம் எடுத்து வந்தார். அவருடைய தாத்தா எஸ்டேட் பங்களாவில் பட்லர். துரை சீமைக்குக் கிளம்பும்போது கணப்பு மேல் இருந்ததை எடுத்துக் கொடுத்தாராம். நல்ல விலை கிடைக்கட்டும் என்று முதல் நாள் ராத்திரி பித்தளை பாலிஷ் போட்டு டயலைத் தேய்த்திருக்கிறார். வெள்ளையாக இருந்த டயலில் பாதி மஞ்சளாகிவிட்டது, ஏழும் எட்டும் மங்கிவிட்டன. "அழுக்குன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவர் தேய்த்து எடுத்தது பித்தளைத் தகட்டின் மேல் இருந்த மெல்லிய வெள்ளிப் பூச்சு.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மரப் பெட்டிக்கும் இதே கதிதான். உப்புத்தாள் போட்டு இழைத்து, பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது அரக்குப் பாலிஷ். அதன் கீழே, அடிமரத்தின் மேல் ஒட்டிய காகிதம் போல மெல்லிய மரத்தகடு (வெனீர்). இழைத்தால் அடிமரம் தெரிந்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது. நம் மலை ஈரத்தில் அந்த வெனீர் ஓரத்தில் பெயர்வதும் சகஜம். அப்போது ஃபெவிகால் வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒட்டியது விலங்குப் பசையால். சூடும் ஈரமும் கொடுத்தால் இளகும், திரும்ப ஒட்டலாம். ஃபெவிகால் போட்ட இடத்தில் அந்தப் பசை பிடிக்காது.

அடுத்தது பெயர். டயலில் 'பி.ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருந்தால் அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். செய்தவர் யார் என்று தெரிய பின்கதவைத் திறந்து, மெஷினின் பித்தளைத் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஜே எழுத்து இருந்தால் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ். குறுக்காக வைத்த இரண்டு அம்புகள் என்றால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி, பெயர் அப்படி இருந்தாலும் அதுவும் ஜெர்மனிதான். அமெரிக்கக் கடிகாரங்களில் காப்புரிமைத் தேதி பொறித்திருப்பார்கள். 1880களின் தேதியைப் பார்த்ததும் அதுவே செய்த வருடம் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே தேதியோடு பல வருடங்கள் தயாரித்திருப்பார்கள். பின்பலகையில் பயன்படாத பழைய ஆணித்துளைகள் இருந்தால் மெஷின் மாற்றப்பட்டிருக்கலாம். மாற்றியிருந்தால் விலை நன்றாகவே இறங்கும்.

"ஈட்டி மரம்" என்று சொல்லித்தான் இங்கே பலரும் ஆரம்பிக்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்து ஈட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கறுத்த மரமெல்லாம் ஈட்டிதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஓக், வால்நட் அல்லது மகோகனி.

சாவித் துளைகளையும் எண்ணிப் பாருங்கள். பொதுவாக ஒன்று என்றால் நேரம் மட்டும், இரண்டு என்றால் மணியடிக்கும், மூன்று என்றால் கால் மணிக்கொருமுறை இசைக்கும். நெப்போலியன் தொப்பி போல இருபுறமும் சரியும் மூன்று துளைக் கடிகாரத்தை 1920களிலிருந்து ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஏராளமாகச் செய்தார்கள். அழகானது, ஆனால் அபூர்வமானது இல்லை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை அது விற்ற விலையாக நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஓடவில்லையே என்று தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம். ஊட்டியில் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மெஷினுக்குள்ளும் அப்படித்தான் உறையும். சாவி அதிகமாகக் கொடுத்ததால் நின்றுவிட்டது என்பதும் தவறு. நிறுத்தியது பெரும்பாலும் பழைய எண்ணெயும் தூசியும்தான்.

வெளிநாட்டில் விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கொஞ்சம் பொறுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருட்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

அக்காவின் கடிகாரத்தில் நட்சத்திரம் இருந்தது. டயலை மேற்கொண்டு தொடவில்லை. பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். மசினகுடிக்கு, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவு வழியாகப் போகிறவர். பெண்டுலம் ஆடிக்கொண்டே போனால், அதைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை வழியிலேயே மடங்கிவிடும்.