பண்ணைத் தாம்போதியில் பூநாரை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒருநாள் வழிகாட்டி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சைக்கிள் மிதித்தே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வந்து நிற்கின்றன. எங்களூரிலேயே பலருக்கு இது தெரியாது. பண்ணைத் தாம்போதியால், அதாவது பரவைக்கடலுக்குக் குறுக்கே போட்ட தெருவால், தீவுப் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தபடி, தூரத் தண்ணீரில் தெரியும் வெள்ளைக் கீற்றைக் கொக்குக் கூட்டம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கடந்து போனேன்.

ஒரு காலத்தில் இலங்கையில் பூநாரை பார்க்கத் தெற்கே புந்தலவுக்குத்தான் போவார்கள். அங்கே பாசனக் கழிவுநீர் களப்புகளுக்குள் சேர்ந்து உப்பு குறைந்தது, அவற்றின் இரையும் குறைந்தது, வரவும் அருகிப்போனது. இப்போது அவற்றைத் தேடுகிறவர்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள். எங்கள் பரவைக்கடலின் (களப்பின்) ஆழமில்லாத உப்புத்தண்ணீர்தான் காரணம்.

1. நாளைத் தெரிவுசெய்யுங்கள்

மாரி மழை ஓய்ந்து, தண்ணீர் வற்றத் தொடங்கும் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கலங்கலும்தான் மிச்சம். தை மாதம் என்றால் சூரியன் 6.30 மணியளவில் உதிக்கும். நீங்கள் 6 மணிக்கே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேலே கானல் ஆடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான லென்ஸ் என்றாலும் பறவையின் ஓரங்கள் கரைந்த மாதிரித்தான் விழும்.

2. கொண்டுபோக வேண்டியவை

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) பைனாகுலர் ஒன்று. கமெரா இருந்தால் 300 மில்லிமீற்றருக்குக் குறையாத லென்ஸ். தொப்பி, தண்ணீர், சாப்பாடு. தாம்போதியில் மர நிழல் கிடையாது. சிவப்பு, வெள்ளை உடுப்பு வேண்டாம். மண்நிறமோ சாம்பலோ போதும்.

3. எங்கே நிற்பது?

முதல்முறை போகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பறவை எங்கே என்று மட்டும் பார்த்து, வெளிச்சத்தையும் காற்றையும் மறந்துவிடுவார்கள்.

பண்ணைத் தாம்போதி கோட்டைப் பக்கமிருந்து தென்மேற்காகத் தீவுகளை நோக்கி ஓடுகிறது. அதனால் காலையில் சூரியன் உங்கள் இடதுபுறம், மண்டைதீவுப் பக்கமாக ஏறும். அந்தப் பக்கம் நிற்கும் பறவைகள் வெறும் கறுப்பு உருவங்களாகத் தெரியும். வலதுபுறம், அராலியை நோக்கிய தண்ணீரில் நிற்பவற்றின் மேல்தான் வெயில் நேராக விழும். மாலையில் இது அப்படியே மாறிவிடும்.

அடுத்தது காற்று. இந்த மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். நீர்ப்பறவைகள் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். எழும்பும்போதும் காற்றுக்கு எதிராகத் தண்ணீரில் சில எட்டு ஓடித்தான் எழும்பும். வெயிலும் வாடையும் உங்கள் முதுகில் படுகிற மாதிரி நின்றால் பறவை உங்களைப் பார்த்து நிற்கும், வெளிச்சமும் அதன் முகத்தில் விழும். காக்கைதீவு தாண்டிக் கல்லுண்டாய் வெளிப் பக்கம் மேற்கே பார்த்து நிற்கும் காலைகளை நான் விரும்புவது இதனால்தான்.

தாம்போதியில் பறவை இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். இரையும் தண்ணீர் மட்டமும் மாற, கூட்டமும் இடம் மாறும். சிறகுவலை (ஆழமில்லாத நீரில் கம்பு நட்டுக் கட்டும் மீன்வலை) பார்த்துவிட்டுக் கரையேறுகிறவர்களிடம் கேளுங்கள். "அண்ணை, இண்டைக்குப் பூநாரை எந்தப் பக்கம் நிக்குது?" என்றால் போதும். "விடியக் கல்லுண்டாய்ப் பக்கம் நிண்டது தம்பி, போய்ப் பாருங்கோ" என்று கை காட்டிவிடுவார்கள். எந்தச் செயலியைவிடவும் இவர்களின் தகவல்தான் எனக்குச் சரியாக இருந்திருக்கிறது.

வழியில் கடற்படை முகாம், காவலரண் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்; அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம், அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் முழுவதும் கலைந்துவிடும்.

4. பூநாரைதானா?

இதே தண்ணீரில் சங்குவளை நாரையும் நிற்கும். அதன் வால்பக்கமும் இளஞ்சிவப்புத்தான்; தூரத்தில் நன்றாக ஏமாற்றும். அலகைப் பாருங்கள். சங்குவளை நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு, நெஞ்சில் கறுப்புப் பட்டி. பூநாரையின் அலகு தடித்து, நடுவில் கீழ்நோக்கி மடிந்து, நுனியில் கறுத்திருக்கும். கரண்டிவாயனைப் பார்த்தால் பெயரே சொல்லிவிடும்.

இரை தின்னும் விதத்தை வைத்தால் இன்னும் சுலபம். பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். நாக்கு உள்ளே நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் சிறு இறாலினங்களையும் பாசியையும் அரித்தெடுக்கும். அந்த இரையிலுள்ள கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள்தான் இறகுக்கு நிறம் கொடுக்கின்றன. கூட்டத்தில் சாம்பல்நிறமாக நிற்பவை இளம் பறவைகள். முழு நிறம் வரச் சில வருடம் ஆகும்.

5. கிட்டப் போகாதீர்கள், காத்திருங்கள்

என் முதல் காலையில், இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் நல்ல படம் வரும் என்று தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால்வரை சுரிச் சேறு. நான் காலை இழுத்தெடுக்கும் முன்பே கூட்டம் எழும்பிப் போய்விட்டது. அன்று கிடைத்தது முதுகுகள் மட்டும். படம் போனதைவிட, விடியற்காலை இரையை அவை என்னால் விட்டுப் போயினவே என்பது நெடுநாள் மனதை உறுத்தியது.

அதனால் ஒரு அடையாளத்தைப் பழகிக்கொள்ளுங்கள். தலைகள் தண்ணீருக்குள் இருந்தால் அவை நிம்மதியாக இருக்கின்றன. பல கழுத்துகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டன, அப்படியே நில்லுங்கள். கூட்டமாக ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் பின்வாங்க வேண்டும்.

கரையில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் அசையாமல் இருங்கள். மேய்ந்து மேய்ந்து அவையே கிட்ட வரும். நான் வைத்திருக்கும் நல்ல படங்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். தாழ்ந்து இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: பறவையின் கண்மட்டத்தில் படம் விழும், பின்னால் தண்ணீர் நீண்டு போகும்.

6. கமெரா அமைப்பு

நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். குவியத்தைத் தொடர்நிலையில் வைத்துக் கழுத்திலும் தலையிலும் பிடியுங்கள்.

வெளிச்ச அளவுதான் கொஞ்சம் பழக வேண்டியது. இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெளிர் பறவை நின்றால், கமெரா இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டும். இறகின் விவரம் வெளுத்துப்போகும். அப்போது கமெராவின் வெளிச்சத் திருத்தத்தை (exposure compensation) −0.7 இல் வையுங்கள். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே பறந்தால் +0.7 அல்லது +1. முதல் பத்துப் படத்தை எடுத்ததும் நின்று, வெள்ளை வெந்துபோயிருக்கிறதா என்று திரையில் பாருங்கள்.

சிறகு விரியும்போதுதான் உள்ளே இருக்கும் செஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும். அதற்காக அவற்றை எழுப்பிவிட வேண்டாம்; அடிக்கடி ஒன்றிரண்டு சும்மா சிறகு விரித்து உதறும். பார்த்திருங்கள்.

கைபேசி மட்டும்தான் இருக்கிறதா? சரி, நீங்கள் உதயத்தில் மண்டைதீவுப் பக்கம் திரும்புங்கள். நான் மேலே வேண்டாம் என்று சொன்ன அந்தக் கறுப்பு உருவங்கள்தான் உங்கள் படம். செம்மஞ்சள் தண்ணீர், சிறகுவலைக் கம்பு வரிசை, நடுவே வளைந்த கழுத்துகள். பெரிதாக்காமல் எடுங்கள்.

7. வெயில் ஏறியபின்

தேத்தண்ணி குடித்து ஓய்வெடுங்கள். நேரமிருந்தால் சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம் போய்வரலாம். நான்கு மணிக்குத் தாம்போதிக்குத் திரும்பி, இம்முறை மண்டைதீவுப் பக்கத் தண்ணீரைப் பாருங்கள். சுண்டிக்குளத்தை இதே நாளில் சேர்க்காதீர்கள். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான அந்த இடத்துக்குத் தனி நாள் வேண்டும்.

8. இரவு, குறிப்பு எழுதுங்கள்

நாள், நேரம், இடம், காற்று, எண்ணிக்கை. பெரிய கூட்டத்தை எண்ணப் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டு போங்கள். சாம்பல் இளம் பறவைகளைத் தனியாக எழுதுங்கள். பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்ட் (eBird) செயலியில் இதைப் பதிந்தால் ஆய்வு செய்கிறவர்களுக்கும் போய்ச் சேரும்.

கடைசியாக, படங்களை அழிக்கும் முன் கால்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் ஏதும் இருந்தால், எந்தக் கால், முட்டிக்கு மேலேயா கீழேயா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டு, படம் மங்கலாக இருந்தாலும் அதை வைத்திருங்கள்.